புது பேட்டரி மாட்டியும் மூணு நாள் நிறுத்தினா செல்ஃப் எடுக்கல: கரண்ட் எங்கே போகுது?

#1 கோவை_பெட்ரோல்

வண்டி 2017 பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். பேட்டரி 35 ஏ.எச். (ஆம்ப்-அவர், அதாவது கொள்ளளவு), மேலே ரகம் 38பி20எல் என்று போட்டிருக்கு. மாத்தி நாலு மாசம்தான் ஆகுது.

தினமும் ஓட்டினா ஒரு தொந்தரவும் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி நிறுத்தி திங்கள் காலையில் சாவி போட்டா டக் டக்னு சத்தம் மட்டும்தான், மீட்டர் விளக்கெல்லாம் மங்கிடுது. பேட்டரிக் கடையில் லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்து "பேட்டரி நல்லாருக்கு" என்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிறது) மாத்தணும் என்கிறார்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்தால் 14.2 வோல்ட் காட்டுது. கையில் இருப்பது சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர். எங்கே ஆரம்பிக்கட்டும்?

#2 எர்த்_ஒயர்

14.2 வருதுன்னா ஆல்டர்னேட்டருக்கு இப்போ காசு கொடுக்காதீங்க தம்பி. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை இருந்தால் சார்ஜ் ஏறுது. ஹெட்லைட், ஏசி ப்ளோவர், பின்கண்ணாடி டீஃபாகர் எல்லாம் போட்டு, என்ஜினை 1500 ஆர்பிஎம்மில் பிடித்து இன்னொரு தடவை பாருங்க. அப்பவும் 13.5க்கு மேல் நின்றால் சார்ஜிங் பக்கம் கிட்டத்தட்ட சுத்தம். 'கிட்டத்தட்ட' என்று சொல்றதுக்குக் காரணம் உண்டு, டையோடு பற்றி அப்புறம் வருவோம்.

பேட்டரி டவுன் ஆகுதுன்னா கேட்க வேண்டிய கேள்வி மூணு. பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்குதா? வண்டி சார்ஜ் கொடுக்குதா? நிறுத்தின பிறகு யார் குடிக்கிறாங்க? பேட்டரிக் கடைக்காரர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டார். உங்க 14.2 இரண்டாவதுக்குப் பதில். மூணாவதை இதுவரை யாருமே பார்க்கலை. அதற்கு முன்னாடியே எல்லாரும் எதையாவது மாத்தச் சொல்றாங்க.

அளக்கும் முன்னாடி ஒரு கணக்கு. வெள்ளி ராத்திரியிலிருந்து திங்கள் காலை ஏறக்குறைய 60 மணி நேரம். 35 ஏ.எச். பேட்டரியில் 20லிருந்து 25 ஏ.எச். காலியானால் செல்ஃப் மோட்டார் இழுக்காது. 60ஆல் வகுத்தால் 0.33 முதல் 0.42 ஆம்ப். அந்த அளவில்தான் எங்கேயோ போயிட்டிருக்கு. ஆரோக்கியமான வண்டி தூங்கும்போது 20, 30 மில்லி ஆம்ப்தான் எடுக்கும். 50 வரை பொறுத்துக்கலாம். 50 மில்லி ஆம்ப் என்றால் நாளுக்கு 1.2 ஏ.எச்., நல்ல பேட்டரி இரண்டு வாரம் தாங்கும். உங்களுடையது அதைவிட ஏழெட்டு மடங்கு.

முதலில் பேட்டரியைச் சார்ஜர் போட்டு நிரப்புங்க. இறக்கி மூணு நாலு மணி நேரம் கழித்து வோல்ட்டேஜ் சொல்லுங்க. சார்ஜரைக் கழற்றின உடனே அளந்தால் 13 கூடக் காட்டும், அது மேலோட்டமான சார்ஜ், நம்பக் கூடாது. ஓய்வில் 12.6க்கு மேல் என்றால் முழுசு. 12.4 முக்கால். 12.2 பாதி. 12.0 கால்வாசி.

வண்டி வாங்கின பிறகு மாட்டினது என்னென்னன்னும் ஒரு பட்டியல் போடுங்க. ஸ்டீரியோ, கேமரா, ஹார்ன், ஃபாக் லாம்ப், ஜிபிஎஸ், எதுவானாலும்.

#3 நெடுஞ்சாலை_72

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க ஒரு சுலப வழி இருக்கு ப்ரோ. என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்க. வண்டி நின்னுட்டா ஆல்டர்னேட்டர் அவுட்.

#4 எர்த்_ஒயர்

@நெடுஞ்சாலை_72 தயவு செய்து இதை யாரும் செய்யாதீங்க. கார்புரேட்டர் வண்டிக் காலத்துப் பழக்கம் இது. ஆல்டர்னேட்டர் கொடுக்கிற கரண்ட்டை வாங்கி அடக்குவது பேட்டரிதான். ஓடும்போது அதைப் பிடுங்கினால் அந்தக் கணத்தில் லைனில் வோல்ட்டேஜ் எகிறும், 80 வோல்ட்டைத் தாண்டவும் கூடும். ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்), ஏர்பேக் மாட்யூல் (கட்டுப்பாட்டுப் பெட்டி), ஸ்டீரியோ எல்லாம் அதே லைனில் இருக்கு. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிற ரெகுலேட்டரே போகலாம். மல்டிமீட்டர் இருக்கும்போது இந்தச் சோதனைக்குத் தேவையே இல்லை.

#5 கோவை_பெட்ரோல்

நன்றி அண்ணா. சார்ஜ் போட்டு, ஐந்து மணி நேரம் கழித்து 12.61. லோடு எல்லாம் போட்டு 1500இல் 13.9.

மாட்டினது: தொடுதிரை ஸ்டீரியோ, முன் கேமரா (சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினது, சாவி எடுத்தால் அணைந்துவிடும்), டிரைவர் சீட்டுக்கு அடியில் சின்ன சப்வூஃபர்.

நெகட்டிவைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்ப் சாக்கெட்டில் வைத்துப் பார்த்தேன். 2.1 ஆம்ப் காட்டுது! இவ்வளவா?

#6 எர்த்_ஒயர்

பயப்படாதீங்க, அது நிஜக் கசிவு இல்லை. வண்டி முழிச்சிட்டிருக்கு. டெர்மினலைக் கழற்றி மாட்டினாலே எல்லா மாட்யூலும் எழுந்து, தங்களைச் சரிபார்த்துக்கொண்டு, பிறகுதான் ஒவ்வொன்றாகத் தூங்கும். சில வண்டிகளில் 10 நிமிஷம், சிலவற்றில் 40. அதுவரை 1, 2 ஆம்ப் காட்டுவது இயல்பு. முறையாகச் செய்வது இப்படி:

பானெட்டைத் திறந்தே வையுங்க. பானெட் சுவிட்ச் உள்ள வண்டியானால் அதை அமுக்கி டேப் ஒட்டணும். டிரைவர் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு க்ளிக் வரும்வரை தள்ளுங்க. கதவு மூடியிருக்கு என்று வண்டி நினைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கிற ஃப்யூஸ் பாக்ஸுக்கும் கை எட்டும். முடிந்ததும் வெளிக் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்க மறக்காதீங்க. மறந்து கதவைச் சாத்தினால் பூட்டு நெளியும். டிக்கியை நன்றாகச் சாத்துங்க. சாவியை வீட்டுக்குள் வையுங்க. கீலெஸ் வண்டிக்கு இது ரொம்ப முக்கியம், சாவி பக்கத்தில் இருக்கிறவரை சில வண்டிகள் தூங்கவே தூங்காது.

இப்போ ரிமோட்டில் லாக் பண்ணி 40 நிமிஷம் விடுங்க. அதற்குப் பிறகுதான் மீட்டர். இணைப்பு விடுபடாமல் மீட்டரை நுழைக்க, நெகட்டிவ் போஸ்டுக்கும் கழற்றப் போற கிளாம்புக்கும் நடுவில் முதலைக் கவ்வி உள்ள தடித்த ஒயரை முதலில் மாட்டுங்க. கிளாம்பைத் தூக்குங்க. வண்டிக்கு இப்போ அந்த ஒயர் வழியாகக் கரண்ட் போகுது. மீட்டரின் இரண்டு முனையையும் அதே இரண்டு இடத்தில் வைத்த பிறகு ஒயரை எடுங்க. வண்டிக்கு ஒன்றும் தெரியாது, தூக்கம் கலையாது.

மஞ்சள் மீட்டரின் 10 ஆம்ப் சாக்கெட்டுக்குள் பெரும்பாலும் ஃப்யூஸ் கிடையாது. மேலேயே 10 செகண்ட் என்று அச்சடித்திருப்பான். 0.4 ஆம்ப் ஓடினால் ஒன்றும் ஆகாது. ஆனால் மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, மற்ற கதவுகளைத் திறக்கக் கூடாது. செல்ஃப் அடித்தால் நூற்றுக்கு மேல் ஆம்ப் ஓடி மீட்டர் கருகிடும். அளந்த கையோடு சிவப்பு முனையை வோல்ட் சாக்கெட்டுக்கு மாத்திடுங்க. ஆம்ப் சாக்கெட்டிலேயே விட்டு அடுத்த தடவை பேட்டரியில் வோல்ட்டேஜ் பார்க்கப் போனால் நேரடி ஷார்ட்.

#7 பழைய_டெஸ்ட்லாம்ப்

எர்த்_ஒயர் சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கலாம். மீட்டரை வைக்கும் முன்னாடி அதே இடத்தில் ஒரு 5 வாட் பல்பை வைத்துப் பார்க்கணும். அந்த பல்ப் முழு வெளிச்சத்தில் எரிய 0.42 ஆம்ப் வேணும். 30 மில்லி ஆம்ப் ஓடினால் இழை சிவக்கக்கூடச் செய்யாது. பளிச்சென்று எரிந்தால் பெரிய கசிவு, மீட்டரை அவசரப்பட்டு வைக்க வேண்டாம். அதன் பிறகு ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கணும். எந்த ஃப்யூஸைப் பிடுங்கும்போது பல்ப் அணையுதோ அந்த லைன்தான் திருட்டு லைன். டெஸ்ட் லாம்புதான் எங்களுக்கு மீட்டர்.

#8 எர்த்_ஒயர்

ஐயா, பல்ப் முறை மீட்டரைக் காப்பாத்தும், ஒத்துக்கறேன். ஃப்யூஸைப் பிடுங்குவதில்தான் இந்தக் கால வண்டியில் சிக்கல். ஒரு ஃப்யூஸைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால் அந்த லைனில் இருக்கிற மாட்யூல் முழிச்சுக்கும், அது பேசினதும் மத்ததெல்லாம் எழுந்துடும். திரும்ப அரை மணி நேரம் காத்திருக்கணும். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. தூங்காமல் அடம் பிடிக்கிற ஒரு மாட்யூல் ஃப்யூஸைப் பிடுங்கினதில் ரீசெட் ஆகி அன்றைக்கு நல்லபடியாகத் தூங்கிடும். கோளாறு மறைஞ்சு, நாலு நாள் கழித்துத் திரும்ப வரும்.

அதனால் ஃப்யூஸைத் தொடாமல் அளக்கிற முறை நல்லது. பிளேடு ஃப்யூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி திறந்திருக்கும், அது சோதனைக்காகவே விட்டது. மீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்து இரண்டு முனையையும் அந்தப் புள்ளிகளில் அழுத்துங்க. கரண்ட் ஓடாத ஃப்யூஸில் 0.0. ஓடினால் ஃப்யூஸ் கம்பியின் ரெசிஸ்டன்ஸால் சின்ன மில்லிவோல்ட் தெரியும். சாதாரண அளவு பிளேடு ஃப்யூஸுக்குத் தோராயக் கணக்கு: 5 ஆம்பில் 0.1 மில்லிவோல்ட் என்றால் சுமார் 6 மில்லி ஆம்ப். 10 ஆம்பில் 13. 15 ஆம்பில் 20. 20 ஆம்பில் 30. மினி ஃப்யூஸ் கொஞ்சம் மாறும், ஆனால் நாம் தேடறது முந்நூறு நானூறு மில்லி ஆம்ப். அந்த அளவுக்கு இது தாராளம்.

கோவை தம்பி, உள்ளே ஸ்டீயரிங் கீழே ஒரு பாக்ஸ், பானெட்டுக்குள் ஒரு பாக்ஸ். இரண்டிலும் ஒன்று விடாமல் பாருங்க. முனையைக் கூராக வைத்து நன்றாக அழுத்தணும், தொட்டும் தொடாமல் வைத்தால் கண்டபடி காட்டும்.

#9 யாழ்_ஹைபிரிட்

வணக்கம். இலங்கையிலை அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் வாகனம் கன பேர் வைச்சிருக்கினம், அதாலை ஒரு விசயம் சொல்லுறன். ஹைபிரிட்டிலை 12 வோல்ட் பற்றரி எஞ்சினைச் சுழற்றுறேல்லை. கம்பியூட்டரையும் பெரிய பற்றரியின்ரை ரிலேயையும் (கரண்டை இணைக்கிற மின் சுவிட்ச்) எழுப்புறதுதான் அதின்ரை வேலை. அதுக்குச் சில ஆம்ப் போதும். ஆனபடியால் பற்றரி பழுதாப் போறது முன்கூட்டித் தெரியாது. பெற்றோல் வாகனத்திலை செல்ஃப் மெதுவாச் சுத்தேக்கை விளங்கும். இதிலை இண்டைக்கு வேலை செய்யும், நாளைக்கு வாகனம் ஓடத் தயார் எண்டு காட்டுற READY வராது, டாஷ் லைற் எல்லாம் கண்டபடி மின்னும்.

சார்ஜ் ஏத்துறதுக்கு ஆல்டர்னேற்றரும் இல்லை. பெரிய பற்றரியிலை இருந்து கொன்வேட்டர்தான் 12 வோல்ட்டுக்குக் குடுக்குது, அதுவும் ரெடி நிலையிலை மட்டும். பிரேக் மிதிக்காமல் பொத்தானை அமத்தி பாட்டுக் கேட்டால் சார்ஜ் ஏறாது, இறங்கும். கன நாள் ஓடாமல் விடுற ஆக்கள் கிழமைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் ரெடியிலை, கியர் P இலை விடுங்கோ. N இலை விடாதேங்கோ, அதிலை பெரிய பற்றரி சார்ஜ் ஆகாது.

பற்றரி பின்பக்கம் கபினுக்குள்ளை இருக்கிற வாகனமெண்டால் வாயு வெளியிலை போக ஒரு சின்னக் குழாய் பூட்டியிருக்கும். மலிவா எண்டு சாதாரணத் தண்ணிப் பற்றரியை அதுக்குள்ளை வைக்கக் கூடாது. கசிவு தேடுற முறை அண்ணை சொன்னதுதான். பெரிய பற்றரியின்ரை உயர் வோல்ட் போற செம்மஞ்சள் வயர் பக்கம் மட்டும் கை வைக்கப்படாது.

#10 கோவை_பெட்ரோல்

சொன்ன மாதிரியே செய்தேன் அண்ணா. கொக்கியைத் தள்ளி, லாக் பண்ணி, சாவியை வீட்டுக்குள் வைத்து 40 நிமிஷம். முறுக்குக் கம்பி ஒயரால் பாலம் போட்டு அளந்தேன். 0.41 ஆம்ப். அப்படியே நிற்குது, பத்து நிமிஷம் பார்த்தும் குறையலை.

ஆனால் ஃப்யூஸில் ஒன்றுமே இல்லை. உள் பாக்ஸில் ஒரு 10 ஆம்ப் ஃப்யூஸில் 0.1, பானெட் பாக்ஸில் இன்னொரு 10 ஆம்பில் 0.1. மற்றதெல்லாம் 0.0. எதையாவது விட்டுட்டேனா?

#11 எர்த்_ஒயர்

விடலை. இதுதான் நமக்கு வேண்டிய விடை.

இரண்டு 10 ஆம்ப் ஃப்யூஸ், ஒவ்வொன்றிலும் சுமார் 13. மொத்தம் 26 மில்லி ஆம்ப். கடிகாரம், அலாரம், ஈசியு நினைவகம் எல்லாம் சேர்த்து நியாயமான செலவு. பேட்டரியிலிருந்து வெளியே போவது 410. மிச்சம் 380 மில்லி ஆம்ப் ஃப்யூஸ் பாக்ஸ் வழியாகப் போகலை. டூம் லைட், டிக்கி லைட், கம்பெனி ஒயரிங் எல்லாத்தையும் இந்த ஒரு கழித்தலில் ஒதுக்கிடலாம்.

ஃப்யூஸ் பாக்ஸைச் சுற்றிக்கொண்டு பேட்டரியிலிருந்து நேராகப் போகிற வழி மூணுதான். ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் கேபிள் (அதன் பிளஸ் முனையிலிருந்து பேட்டரிக்கு வருவது), செல்ஃப் மோட்டார் கேபிள், பிற்பாடு யாரோ பேட்டரி கிளாம்பில் நேரடியாக முறுக்கின ஒயர்.

ஆல்டர்னேட்டருக்குள் கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டையோடு ஒன்று கசிந்தால் என்ஜின் நிற்கும்போது பேட்டரி அதன் வழியாக வடியும். 14.2 காட்டிக்கொண்டே இது நடக்கலாம். #2இல் 'கிட்டத்தட்ட' என்றது இதற்குத்தான். பார்க்கும் வழி: என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் அளப்பது. 0.1க்குக் கீழே இருந்தால் டையோடு நல்லது. 0.5ஐத் தாண்டினால் போச்சு. ஆனால் மஞ்சள் மீட்டர் இதில் ஏமாத்தும். ஏசி நிலையிலும் அது டிசியைச் சேர்த்துப் படிக்கும், ஒரு பக்கம் வைத்தால் 28, 30 வோல்ட் என்று காட்டும், முனையை மாத்தி வைத்தால் 0. அப்படிக் காட்டினால் ஆல்டர்னேட்டர் கெட்டதாக அர்த்தம் இல்லை, அந்த மீட்டருக்கு இந்த வேலை தெரியாது. ஒர்க்‌ஷாப்பில் இதே எண்ணைப் பார்த்துத்தான் ஆல்டர்னேட்டர் மாத்தச் சொன்னார்களோ என்றுகூடத் தோணுது.

நிச்சயமான வழி: பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற பி பிளஸ் நட்டைத் திறந்து கேபிளை எடுத்து, அதன் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, திரும்பக் கசிவை அளப்பது. 0.41 அப்படியே நின்றால் ஆல்டர்னேட்டர் குற்றமற்றது.

அதைச் செய்யும் முன்னாடி ஒரு நிமிஷ வேலை. பேட்டரி பிளஸ் கிளாம்பைக் குனிந்து பாருங்க. மூடியிருக்கிற சிவப்பு ரப்பரைத் தூக்குங்க. எத்தனை ஒயர் வருது? தடித்தது, மெல்லியது எல்லாத்தையும் எண்ணிச் சொல்லுங்க. சப்வூஃபருக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருதுன்னும் பாருங்க.

#12 பழைய_டெஸ்ட்லாம்ப்

கழித்தல் கணக்கு அருமை சார். ஃப்யூஸில் தெரியலைன்னா நாங்க இவ்வளவு நாளாக ரிலேயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரிலே ஒட்டிக்கிறதும் நடக்கிற கோளாறுதான். ஒட்டின ரிலேயின் முதுகைத் தொட்டால் மற்றதைவிட வெதுவெதுப்பாக இருக்கும், பக்கத்தில் இருப்பதெல்லாம் சில்லென்று இருக்கும். இந்த வண்டியில் அது இல்லை என்று ஃப்யூஸ் கணக்கே சொல்லிடுச்சு.

#13 கோவை_பெட்ரோல்

பிளஸ் கிளாம்பில் மூணு. இரண்டு தடித்தது, கம்பெனி உறை போட்டது. மூணாவது சிவப்பு ஒயர், சுமார் 4 சதுர மில்லிமீட்டர் இருக்கும், கிளாம்பு நட்டுக்கு அடியில் வளையம் மாட்டியிருக்கு. ஒரு முழம் தள்ளி ஃப்யூஸ் ஹோல்டர், அதற்குள் மஞ்சள் 20 ஆம்ப் பிளேடு ஃப்யூஸ். அந்த ஒயர் ஃபயர்வால் ஓட்டை வழியாக உள்ளே போய், கார்ப்பெட்டுக்கு அடியில் சப்வூஃபருக்குப் போகுது.

அந்த ஃப்யூஸின் முதுகில் அளந்தேன்: 1.3 மில்லிவோல்ட்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் சப்வூஃபர் மேல் கை வைத்தேன். சீட் கம்பி சில்லென்று இருக்கு, சப்வூஃபரின் அலுமினிய மேல்மூடி மட்டும் வெதுவெதுப்பாக இருக்கு.

#14 எர்த்_ஒயர்

20 ஆம்ப் ஃப்யூஸில் 1.3 மில்லிவோல்ட். 0.1க்கு 30 என்றால் 390 மில்லி ஆம்ப். காணாமல் போன 380 கிடைச்சிடுச்சு.

சப்வூஃபருக்குள் ஆம்ப்ளிஃபையர் இருக்கு. பாட்டே பாடாவிட்டாலும் ஆன் ஆகி நின்றால் இவ்வளவு குடிக்கும், அந்தச் சூடு அதுதான். சிவப்பு ஒயரில் எப்போதும் 12 வோல்ட் இருப்பது சரி, அப்படித்தான் இருக்கணும். ஆன், ஆஃப் சொல்வது ரிமோட் என்கிற மெல்லிய ஒயர், ஸ்டீரியோ பின்னாடி நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டு வரும். ஸ்டீரியோ எழுந்தால் அதில் 12 வோல்ட், அணைந்தால் 0.

சப்வூஃபர் பிளக்கை அவிழ்க்காமல், ரிமோட் என்று எழுதியிருக்கிற பின்னுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவில் வோல்ட்டேஜ் பாருங்க. சாவி வெளியே, ஸ்டீரியோ அணைந்த நிலை. 0 வரணும். 12 வந்தால், மாட்டினவர் நீல ஒயரை ஸ்டீரியோ வரை இழுக்கச் சோம்பல்பட்டு, அங்கேயே சிவப்பு ஒயரோடு சேர்த்து முறுக்கிட்டார் என்று அர்த்தம். ஆடியோ ஃபிட்டிங்கில் அடிக்கடி பார்க்கிற குறுக்குவழி. பாட்டு வரும், வாடிக்கையாளர் பணம் கொடுத்துட்டுப் போயிடுவார், மூணு நாள் நிறுத்தும்போதுதான் தெரியும்.

0 வந்தும் சூடாக இருந்தால் வேறு கதை. ஸ்பீக்கர் ஒயரின் சிக்னலைப் பார்த்துத் தானாக ஆன் ஆகிற வசதி சில சப்வூஃபரில் உண்டு, அதன் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கும், அணையத் தெரியாமல் நிற்கும்.

#15 கோவை_பெட்ரோல்

ரிமோட் பின்னில் 12.4 வோல்ட், சாவி வெளியே. டேப்பைப் பிரித்தால் நீல ஒயர் ஒரு சாண் நீளம்தான், சிவப்போடு சேர்த்துச் சுற்றியிருக்கு. ஸ்டீரியோ பின்னாடி நீலம்-வெள்ளை ஒயர் எங்கேயும் இணைக்காமல் தொங்குது.

#16 எர்த்_ஒயர்

அப்போ வேலை சுலபம். பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்க. நெகட்டிவ்தான் முதலில், மாட்டும்போது கடைசி. பிளஸ் நட்டில் ஸ்பேனர் வைக்கும்போது மறுமுனை பாடியில் பட்டால், நெகட்டிவ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. மாட்டியிருந்தால் ஸ்பேனரே பழுத்துடும்.

நீலத்தைச் சிவப்பிலிருந்து பிரித்து, சிவப்பில் திறந்த இடத்தை ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்க. 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் சுமார் 3 மீட்டர் வாங்கி, சீட்டிலிருந்து கதவுப்படி பிளாஸ்டிக்குக்கு அடியில் ஓட்டி ஸ்டீரியோவின் நீலம்-வெள்ளையோடு சேருங்க. முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகி அவிழும். ஈயம் வைத்துப் பற்றவையுங்க, இல்லை அமுக்கி இறுக்குகிற கிரிம்ப் கனெக்டர் போடுங்க. சீட்டுத் தண்டவாளத்தில் ஒயர் மாட்டக் கூடாது, சீட்டை முன்னும் பின்னும் முழுக்க நகர்த்திப் பாருங்க. சில ஸ்டீரியோவில் இரண்டு நீலம் வரும். முழு நீலம் பவர் ஆன்டெனாவுக்கு, ரேடியோ போட்டால் மட்டும் 12 வரலாம். கோடு போட்டதுதான் நமக்கு.

இன்னொன்று, இது கசிவைவிட முக்கியம். அந்தச் சிவப்பு ஒயரின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்குன்னீங்க. ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் அதை வெட்ட யாரும் இல்லை, ஒயர் எரியும். ஹோல்டரைப் பேட்டரியிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் கொண்டு வாங்க. ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் குரோமெட் இருக்கான்னும் பாருங்க.

#17 மழைக்கால_ஓட்டுநர்

நடுவில் ஒரு கேள்வி சார். இவ்வளவு தேடுறதுக்குப் பதில் பேட்டரி நெகட்டிவில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டால் போதாதா? அப்புறம் என் வண்டியில் ஓடும்போது சில சமயம் 12.8தான் காட்டுது, சில சமயம் 14.5. ஆல்டர்னேட்டர் போயிடுச்சா?

#18 எர்த்_ஒயர்

கட்-ஆஃப் சுவிட்ச் மாசக்கணக்கில் நிறுத்தற வண்டிக்குச் சரி. கோளாறுக்கு மருந்து இல்லை. ஒவ்வொரு தடவையும் கடிகாரம், பவர் விண்டோவின் தானியங்கி, ஈசியு கற்றுக்கொண்ட ஐடில் அளவு எல்லாம் அழியும், அலாரம் வேலை செய்யாது. உள்ளே ஒரு ஒயர் சூடாகிக் கசிந்திருந்தால் அதை ஓடும்போதும் சூடாகவே விட்டு வைக்கிற மாதிரி.

12.8 விஷயம்: புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரை ஈசியு கட்டுப்படுத்தும். பேட்டரி நிறைந்தால் சார்ஜைக் குறைத்து பெட்ரோல் மிச்சம் பிடிக்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் 14.5க்கு மேல் ஏற்றும். நெகட்டிவ் கிளாம்பில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சாரும் அதில் மெல்லிய ஒயர் பிளக்கும் இருந்தால் உங்க வண்டி அந்த ரகம். ஒரே ஒரு அளவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீங்க. ஹெட்லைட், ப்ளோவர் போட்டுச் சில நிமிஷம் பாருங்க. 13.5க்கு மேல் ஏறினால் நல்லாருக்கு. அந்த ரக வண்டியில் வெளியே மாட்டும் எதன் எர்த்தையும் பேட்டரி போஸ்டில் நேராக மாட்டக் கூடாது, பாடியில் மாட்டணும். போஸ்டில் மாட்டினால் அந்தக் கரண்ட்டைச் சென்சார் எண்ணாது, ஈசியு சார்ஜ் நிலையைத் தப்பாகக் கணக்குப் போடும். சிக்னலில் அணைந்து எழும் வண்டியாக இருந்தால் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் (அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ரகங்கள்) பேட்டரிதான் போடணும், சாதாரணதைப் போட்டால் சீக்கிரம் செத்துடும்.

#19 பழைய_டெஸ்ட்லாம்ப்

டேஷ்கேம் மாட்டுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பார்க்கிங் நேரத்தில் பதிவு செய்யும்படி நேரடி லைனில் மாட்டினால் 0.2, 0.3 ஆம்ப் விடாமல் போகும். அந்த ஒயர் கிட்டில் வோல்ட்டேஜ் கட்-ஆஃப் தேர்வு இருக்கும். 11.8 என்று வைத்தால் அது அணையும்போது பேட்டரியில் ஒன்றும் மிஞ்சாது. 12.2க்குக் கீழே வைக்காதீங்க. ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறு படிக்கிற சாக்கெட்) சொருகுகிற ப்ளூடூத் டாங்கிளையும் வேலை முடிந்ததும் எடுத்துடுங்க. அது குடிப்பது கொஞ்சம்தான், ஆனால் சில வண்டியில் மற்ற மாட்யூலைத் தூங்க விடாது.

#20 கோவை_பெட்ரோல்

ரிமோட் ஒயரை ஸ்டீரியோவுக்கு மாத்தியாச்சு, ஃப்யூஸ் ஹோல்டரைப் பேட்டரி பக்கத்தில் கொண்டு வந்தாச்சு. 40 நிமிஷம் கழித்து கசிவு 0.03 ஆம்ப். சப்வூஃபர் சில்லென்று இருக்கு, ஸ்டீரியோ போட்டதும் வேலை செய்யுது. இந்த நாலு மாசத்தில் ஏழெட்டுத் தடவை முழுசாக டவுன் ஆன பேட்டரி, இனிமேல் நம்பலாமா?

#21 எர்த்_ஒயர்

கொஞ்சம் அடி வாங்கியிருக்கும். கார் பேட்டரி ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது, பிளேட் மெல்லிசு. முழுசாக இறங்கி அப்படியே கிடந்தால் பிளேட்டில் சல்ஃபேட் கெட்டியாகிடும். ஒவ்வொரு தடவையும் கொள்ளளவு கொஞ்சம் குறையும். ஜம்ப் போட்டு எடுத்து அரை மணி நேரம் ஓட்டினால் அது நிறையாது. செல்ஃப் ஒரு தடவை எடுக்கிறது 0.1 ஏ.எச். அளவுதான், அதை ஓட்டத்தில் உடனே ஈடு கட்டலாம். 25 ஏ.எச். பள்ளத்தை நகர டிராஃபிக்கில் ஐடிலில் நின்று நிரப்ப முடியாது.

அதனால் வெளிச் சார்ஜர். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 3.5 ஆம்ப், பத்துப் பன்னிரண்டு மணி நேரம், காற்றோட்டமான இடத்தில். ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பற்றவைப்பதோ பீடியோ கூடாது. மூடி திறக்கிற ரகம் என்றால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தி அளக்கிற கருவி) வாங்குங்க. முழு சார்ஜில் ஆறு செல்லிலும் 1.265 முதல் 1.280 வரணும். ஐந்து செல் 1.270 காட்டி ஒன்று மட்டும் 1.220க்குக் கீழே நின்றால் அந்த செல் போச்சு, பேட்டரி மாத்தறதுதான் வழி. பிளேட் வெளியே தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல்கோடு வரை. ஆர்ஓ தண்ணி, ஏசியிலிருந்து வடியும் தண்ணி வேண்டாம். ஆசிட் ஒருபோதும் ஊற்றக் கூடாது.

கடைசிச் சோதனை: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட்டேஜை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்க. 9.6க்குக் கீழே போகக் கூடாது. மஞ்சள் மீட்டர் மெதுவாகப் படிக்கும், அதனால் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துட்டு ஐந்து செகண்ட் சுழற்றுங்க. அதே நேரத்தில் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயப் போஸ்டிலும் மறுமுனையை அதன் மேல் இருக்கிற கிளாம்பிலும் வைத்துப் பாருங்க. 0.2க்கு மேல் காட்டினால் நடுவில் அழுக்கு. வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணியில் ஒரு பெரிய ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றித் தேய்த்துக் கழுவி, காய்ந்து மாட்டின பிறகு மேலே வாசலின் தடவுங்க. சோடாத் தண்ணி செல்லுக்குள் போகாமல் மூடியைப் பார்த்துக்கோங்க.

#22 கோவை_பெட்ரோல்

சார்ஜ் போட்டு நாலு மணி நேரம் கழித்து 12.64. ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.265, ஒன்று 1.255. செல்ஃப் அடிக்கும்போது 10.3. நெகட்டிவ் போஸ்டுக்கும் கிளாம்புக்கும் நடுவில் 0.31 காட்டிச்சு, தேய்த்துக் கழுவின பிறகு 0.04.

வெள்ளி ராத்திரி நிறுத்தினேன். திங்கள் காலை, சாவி போடும் முன்னாடி 12.57. ஒரே சுற்றில் எடுத்துடுச்சு.

#23 எர்த்_ஒயர்

60 மணி நேரம், 0.03 ஆம்ப், 1.8 ஏ.எச். அந்த 0.07 வோல்ட் இறக்கம் கணக்குக்குப் பொருந்துது. 1.255 காட்டின செல்லுக்குப் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, ரெண்டு மாசம் கழித்து அதை மட்டும் திரும்ப அளந்து பாருங்க தம்பி.